ராஜாவின் யானையும் நம் வீட்டுக் கிளியும்

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் படிப்புரையை வர்ணித்திருக்கிறார்கள். மங்களாவையும் அடுக்களையையும் நெல் பத்தாயத்தையும் வர்ணித்திருக்கிறார்கள். படிப்புரை உத்தரத்தில் தொங்கிய கிளிக்கூண்டை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது அப்படியொன்றும் பெரிய சொத்து அல்ல என்பது வாஸ்தவந்தான். கம்பிக் கூண்டு ஒன்று, சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர், ஒரு பழுத்த மிளகாய், கொய்யாப் பழத்தில் ஒரு துண்டு. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு ஜீவன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, தெருவில் போகிறவனைப் பார்த்து "ஆராக்கும்?" என்று கேட்கும். வீட்டுக்காரர்களைவிட அதுதான் வந்தவர்களை முதலில் விசாரித்தது.

எல்லோரையும் விசாரித்த அந்தக் கிளியைப் பற்றி, "இது ஆருக்க கிளி?" என்று எவரும் விசாரித்ததில்லை. வாங்கியவர் வீட்டுக் கிளி, அவ்வளவுதான். இன்று அந்தக் கேள்வியைச் சட்டம் கேட்கிறது. சாதாரணமாகக் கேட்கவில்லை. மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று கையில் வைத்துக்கொண்டு கேட்கிறது.

இந்தச் சட்டம் நம்முடைய கூண்டு வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது? சுவாரஸ்யமான கதை அது. கதை கிளியில் தொடங்கவில்லை, யானையில் தொடங்குகிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் காட்டு யானை மகாராஜாவுக்குச் சொந்தம். தேக்கு, ஈட்டி, சந்தனம் ஆகியவற்றுக்கு ராஜ விருட்சங்கள் என்று பெயர். அவை உங்கள் சொந்தப் புரையிடத்தில் முளைத்து, நீங்களே தண்ணீர் விட்டு வளர்த்திருந்தாலும், வெட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. மரத்துக்கே அந்த அந்தஸ்து என்றால் யானைக்குக் கேட்க வேண்டுமா? காட்டில் குழி தோண்டி, மேலே கிளையும் தழையும் பரப்பி, அதில் விழுந்த யானையைப் பழக்கிய யானைகளின் துணையோடு மேலேற்றுவார்கள். அது தடி இழுக்கவோ சுவாமி எழுந்தருளவோ போகும். தந்தமும் சர்க்காருடையதே. அந்தத் தந்தத்தில் இழைத்த சிம்மாசனம் ஒன்றை உத்திரம் திருநாள் மகாராஜா விக்டோரியா மகாராணிக்கு அனுப்பினார். 1851ஆம் வருஷம் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அதை வைத்திருந்தார்கள். நம் மலைகளில் திரிந்த யானைகள், அந்த வகையில், கடல் தாண்டியும் ராஜ சேவை செய்தன.

மற்ற மிருகங்களை வளர்ப்பதிலும் ராஜாக்களுக்குத் தடை கிடையாது. திருவனந்தபுரத்தில் அரண்மனைக் குதிரை லாயத்தை ஒட்டிக் காட்டு மிருகங்களை வளர்த்துவந்தார்கள். 1857இல் உத்திரம் திருநாள் காலத்தில் அருங்காட்சியகம் எழுந்தபோது, அதனோடு மிருகக்காட்சிசாலையும் உருவாயிற்று. ராஜாவின் வேடிக்கை பொதுஜனங்களின் வேடிக்கையாக மாறிய கதை அது. வளர்ப்பது குற்றமா என்ற எண்ணமே அப்போது எழவில்லை. எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது யாருடையது?

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி ஜில்லா. அங்கே வெள்ளைக்காரன் ராஜ்யம். கணவாயில் அடிக்கிற காற்றோடு சேர்ந்து ஒரு பட்சி பணகுடிப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தால் போதும், ராஜாவும் மாறினார், சட்டமும் மாறிற்று. ஆனால் அங்கேயும் கேள்வி என்னவோ இதேதான்.

ஒரு காலத்தில் யானையைக் கொன்றவர்களுக்குச் சன்மானம் கொடுத்தது சென்னை ராஜதானி. பயிரை அழிக்கும் மிருகம் என்பது காரணம். பிறகு யோசித்துப் பார்த்தார்கள். பட்டாளத்துக்குப் பாரம் சுமக்க யானை வேண்டும். காட்டிலிருந்து மரம் இழுக்க யானை வேண்டும். கொன்றுகொண்டே போனால் இழுப்பது யார்? ஆகவே 1873ஆம் வருஷம் சென்னை ராஜதானியில் காட்டு யானைகளைக் காக்க ஒரு சட்டம் செய்தார்கள். 1879இல் இந்திய சர்க்காரும் மற்ற மாகாணங்களுக்காக அதே மாதிரி ஒன்று செய்தது. அனுமதியில்லாமல் யானையைக் கொன்றாலோ பிடித்தாலோ, ஒரு யானைக்கு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து ஐந்நூறு! உயிருக்கு ஆபத்து வந்தாலும், வீட்டையோ பயிரையோ யானை அழித்துக்கொண்டிருந்தாலும் விலக்கு உண்டு. மீறிப் பிடித்த யானையும் கொன்ற யானையின் தந்தமும் சர்க்காரைச் சேரும். யானையிடம் உள்ள பிரியத்தினால் எழுதிய சட்டம் அல்ல அது. பெட்டிக்குப் பூட்டு போடுவதைப் போன்ற காரியம்.

பறவைகளுக்கு 1887இல் முதல் சட்டம் வந்தது. அது ஓர் உள்ளூர்ச் சட்டம் என்றே சொல்லலாம். முனிசிபாலிட்டியும் கண்டோன்மெண்டும் தத்தம் எல்லைக்குள் விதி செய்துகொள்ளலாம்: குஞ்சு பொரிக்கும் காலத்தில், குறிப்பிட்ட காட்டுப் பறவைகளைப் புதிதாகப் பிடித்தோ கொன்றோ வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது. முனிசிபல் எல்லைக் கல்லைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால் குற்றம் இல்லை. கொக்குக்கு இந்த நுட்பம் தெரிந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

1912இல் விரிவான சட்டம் ஒன்று வந்தது. அதன் அட்டவணை படிக்கத் தகுந்தது. வாத்து, காட்டுக்கோழி, கவுதாரி, மயில், காடை, புறா, கொக்கு, மீன்கொத்தி, பனங்காடை. மிருகங்களில் மான், காட்டெருமை, முயல், காண்டாமிருகம். சற்று உற்றுப் பார்த்தால் ஒரு ரகசியம் புலப்படும். கவுதாரியும் காடையும் துரைமார்களின் துப்பாக்கிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் உரியவை. கொக்கும் மீன்கொத்தியும் இறகுக்காக. சீமைச் சீமாட்டிகளின் தொப்பியில் செருக அந்த இறகுகள் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தன. 1902லேயே அந்த ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டி வந்தது. எவனோ ஒருவனுக்கு உபயோகம் உள்ள ஜீவன்களுக்கே அட்டவணையில் இடம் கிடைத்தது.

கிளிக்கு இடம் இல்லை. அதைச் சுடுவதில் பெருமை இல்லை. தின்பதிலும் ருசி இல்லை. ஆகவே கிளி யாருடையதும் அல்ல. யாருடையதும் அல்லாத பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? எடுத்துக்கொண்டோம்.

கிளியோடு நமக்குள்ள உறவு இரண்டாயிரம் வருஷத்து உறவு. அதில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு முகங்கள் உண்டு. சங்கப் பாட்டில் தினைப்புனம் காக்கிற பெண்ணுக்குக் கிளி ஒரு திருடன். தட்டையும் கவணும் எடுத்து அதை விரட்டுகிறாள். அதே கிளி வீட்டுக்குள் வந்துவிட்டால் தோழி. தத்தை என்று செல்லப் பெயர். மதுரை மீனாட்சியின் கையில் கிளி. ஆண்டாளின் தோளில் கிளி. மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

நம் ஊரிலும் இந்த இரண்டு முகமும் உண்டு. கன்னிப்பூ அறுப்பிலும் கும்பப்பூ அறுப்பிலும் கதிர் முற்றும்போது கூட்டமாக வந்து இறங்கும். தின்பதைவிடக் கொத்தி உதிர்ப்பது அதிகம். "நாசமாப் போற கிளி" என்று வயலில் திட்டிய அதே மனிதர் வீட்டுக்கு வந்ததும் கூண்டுக்குள் விரலை நீட்டிக் கொஞ்சுவார். பட்டுப்போன மொட்டைப் பனையின் பொந்தில் கிளி முட்டையிடும். தை, மாசியில் குஞ்சு இருக்கிற பொந்து எது என்று பனை ஏறுகிறவர்களுக்குத் தெரியும். இறகு முளைக்காத குஞ்சுகளை ஓலைப்பெட்டியில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். பெட்டியில் எத்தனை கிடந்தன, எத்தனை பிழைத்தன என்ற கணக்கை வாங்குகிறவர்கள் பார்க்க மாட்டார்கள். நன்றாகக் கத்துகிற குஞ்சாகப் பார்த்து எடுப்பார்கள்.

வீட்டுக்குள் சட்டம் நுழைவது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. தேரூரில் பிறந்த கவிமணி மருமக்கள் வழி மான்மியம் பாடிச் சிரிக்கவும் வைத்தார், வெட்கப்படவும் வைத்தார். 1926ஆம் வருஷம் திருவிதாங்கூர் சர்க்கார் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்து, அந்தச் சொத்துரிமை முறையைத் திருத்தியது. அப்பன் சொத்து மகனுக்கா மருமகனுக்கா என்று சட்டம் வந்து சொல்லிற்று. எங்கள் தாத்தாமார்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். 1956 நவம்பர் முதல் தேதி ராஜ்யமே மாறிற்று. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவாகித் தமிழ்நாட்டோடு இணைந்தன. கணவாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே சர்க்கார்.

அப்புறம் 1972. இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, பதினொரு மாநிலங்களின் தீர்மானத்தின்பேரில் பாராளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்நாடு உள்பட மற்ற மாநிலங்கள் பின்னால் ஏற்றுக்கொண்டன. இந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் கிளிக்கு முதல் தடவையாக இடம் கிடைத்தது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் அல்ல. பிடிப்பது வேட்டை, கண்ணி வைப்பது வேட்டை, கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூட வேட்டை என்று சட்டம் அர்த்தம் சொல்லிற்று. ஆனாலும் லைசென்ஸ் பெற்றுப் பறவை பிடிக்கவும் விற்கவும் சில காலம் வழி இருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வாசலையும் சாத்திற்று. அட்டவணையில் உள்ள எந்த ஜீவனையும் வேட்டையாடக் கூடாது; பிடித்து விற்கிற வியாபாரமும் கூடாது. உபத்திரவப் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணையில் ஒதுக்கியவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. எலி, பழந்தின்னி வௌவால், காக்கை முதலியவை அவை. காக்கையை வளர்த்தால் கேள்வியில்லை, கிளியை வளர்த்தால் ஜெயில் என்ற நிலைமை 2022 வரை நீடித்தது. அந்த வருஷத் திருத்தத்தில் உபத்திரவப் பட்டியல் போய்விட்டது. கிளி இரண்டாம் அட்டவணைக்கு ஏறிற்று.

என் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். நாலு தலைமுறைச் சொத்து வழக்குகளை எண் சகிதம் ஒப்பிக்கக்கூடியவர். இந்தச் சட்டத்தைப் பற்றி நான் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "அப்பம் ஆனைய வளக்கலாம், கிளிய வளக்கப்பிடாதா? நல்லா இருக்குடே மக்கா ஒங்க சட்டம்!"

சிரிக்கலாம். ஆனால் பெரியப்பா சொன்னது சட்டப்படி முக்காலும் சரி. 1977 முதல் யானை முதல் அட்டவணையில் புலியோடு சமமாக இருக்கிறது. ஆனாலும் உரிமைச் சான்றிதழோடு அதை வைத்திருக்கலாம். காட்டு மிருகங்களைப் புதிதாகக் கைக்கொள்வதற்கு 2002ஆம் வருஷத் திருத்தம் போட்ட தடையில், உயிருள்ள யானைக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி இருக்கிறது. விற்க முடியாது, ஆனால் மத காரியத்துக்கோ வேறு காரியத்துக்கோ கைமாற்றிக் கொடுக்கலாம் என்று 2022ஆம் வருஷத் திருத்தம் வழி வைத்தது. தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளைப் பராமரிக்க 2011 முதல் தனி விதிகள் உண்டு. இனிமேல் கோயில்களும் தனி மனிதர்களும் புதிதாக யானை வாங்க வேண்டாம் என்ற கருத்தில் 2023இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ராஜாவின் சொத்தாக இருந்த வாசனை யானையை விட்டு இன்னும் முழுக்கப் போகவில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிவது.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சாம்பல் கிளியும் தென் அமெரிக்காவின் பெரிய மக்காவும் நம் பணக்கார வீடுகளில் வெகுகாலம் கேள்வியின்றிக் குடியிருந்தன. நம் சட்டத்தின் அட்டவணைகள் நம் நாட்டு ஜீவன்களைப் பற்றியவை. வெளிநாட்டுப் பறவை சுங்கச் சாவடியைத் தாண்டிவிட்டால் அப்புறம் அதைக் கேட்பார் இல்லை. 2020 ஜூனில் மத்திய சர்க்கார், ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து தெரிவித்தால் காகிதங்கள் கேட்க மாட்டோம் என்று அறிவித்தது. சர்வதேச வாணிப உடன்படிக்கையில் அடங்கிய ஜீவன்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022ஆம் வருஷத் திருத்தம் சொல்லிற்று. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஆக, மக்காவ் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். பனங்கிளி வைத்திருப்பவர் ஒப்படைக்க வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகளுக்கு இரண்டும் வேண்டாம். அவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. அவற்றால் எந்தக் காட்டிலும் பொந்து காலியாகவில்லை.

நம் பனங்கிளியோ கூண்டிலிருந்து தப்பி லண்டன் நகரத்துப் பூங்காக்களில் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. அங்கே அது அழையா விருந்தாளி. பிறந்த ஊரில் பாதுகாக்கப்பட்ட பிரஜை.

சட்டம் வயதில் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அது கூண்டு வரைக்கும் நடந்து வந்தது அண்மையில்தான். 2023இல் சென்னையில் ஒரு சினிமா நகைச்சுவை நடிகரின் வீட்டில் இரண்டு கிளிகள் இருந்ததற்காக இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். 2024ஆம் வருஷத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குக் கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது; ஜெயம் என்று ஜோசியர் சொன்னார். மறுநாள் வன இலாகாவினர் வந்து ஜோசியரையும் கிளிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வேட்பாளரும் தோற்றுப்போனார். ஊருக்கெல்லாம் எதிர்காலம் சொல்கிற கிளிக்குத் தன் எதிர்காலம் தெரியவில்லை என்று பத்திரிகை படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடிகர் அபராதம் கட்டிவிடுவார். மரத்தடி ஜோசியருக்குக் கிளி போனால் அடுப்பு அணைந்துவிடும். ஐம்பது வருஷமாக இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவர் யார்? பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிளி கூண்டில் இருக்கிற படத்தைத்தான் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தோம். தண்டனையைச் சொல்லிக்கொடுக்கிற சர்க்கார் காரணத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாற்றுத் தொழிலுக்கும் ஒரு வழி காட்ட வேண்டும்.

காரணம் வலுவானதுதான். நம் கிளி கூட்டமாக வாழ்கிற ஜாதி. கூட்டத்தில் பிறர் குரலைக் கேட்டுக் கற்றுக்கொள்வதற்காக அதற்கு அந்த நாக்கும் அந்த மூளையும் வாய்த்திருக்கின்றன. கூண்டில் கூட்டம் இல்லை, நாம்தான் இருக்கிறோம். ஆகவே நம் குரலைக் கற்றுக்கொள்கிறது. "ஆராக்கும்?" என்று அது கேட்டதை நாம் உபசாரம் என்று நினைத்துக்கொண்டோம். தன் இனத்தைக் கூப்பிட வேண்டிய தொண்டையால் அது நம்மைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இறகு வெட்டிய கிளியைத் திடீரென்று திறந்து விட்டாலும் அதற்கு இரை தேடத் தெரியாது. பூனையும் காக்கையும் விடாது. அதனால்தான் கூண்டைத் திறந்துவிட வேண்டாம், வன இலாகாவிடம் ஒப்படையுங்கள், பறக்கப் பழக்கி விடுவோம் என்கிறார்கள். பிள்ளை போல் வளர்த்ததைக் கொடுப்பது எளிதல்ல. அழுதுகொண்டே கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. அந்த அழுகையைப் பரிகசிக்கிறவன் கிளியையும் அறியாதவன், மனிதரையும் அறியாதவன்.

பெரியப்பாவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "சட்டத்த மீறிப் பிடிச்ச மிருகம் சர்க்கார் சொத்துன்னு எழுதியிருக்குன்னு சொல்லுதியே. அப்பம் ராஜா போயி சர்க்கார் வந்திருக்கு, அவ்வளவுதானே?"

நல்ல வக்கீல் கேள்வி. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. ராஜாவின் சொத்தாக இருந்த யானை அவருக்கு வேலை செய்தது. அதன் பல்லும் அவருக்குச் சிம்மாசனமாயிற்று. சர்க்கார் வசம் போகிற கிளியைச் சர்க்கார் விற்க முடியாது, வேலை வாங்க முடியாது. முடிந்தவரை பனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். முன்பு சட்டம் "இது யாருடையது?" என்று கேட்டது. இப்போது "இது எங்கே இருக்க வேண்டியது?" என்று கேட்கிறது. யானையிலிருந்து கிளிக்கு வந்து சேர்வதற்குள் கேள்வியே மாறிவிட்டது. நூறு வருஷத்தில் நாம் அடைந்த முன்னேற்றம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன்.

மதுரைக் கிளிக்கூண்டு மண்டபத்தில் இப்போது கிளி இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் தினமும் பச்சை இலைகளால் புதிதாகக் கிளி செய்கிறார்கள்; மூக்குக்கு மாதுளம்பூ. எந்தப் பொந்தும் காலியாவதில்லை; அம்மனின் தோளும் வெறுமையாக இருப்பதில்லை. தேரூர்க் குளத்தங்கரையில் மிச்சம் இருக்கிற பனைகளில் இன்னும் நிஜக் கிளிகள் இருக்கின்றன. 2022 முதல் அந்தக் குளங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகத்தின் கவனத்துக்கு வந்திருக்கின்றன. அறுப்புக் காலத்தில் அந்தக் கிளிகள் வயலில் இறங்கி நாலு கதிரைத் திருடும். யாராவது தகரத்தைத் தட்டி விரட்டுவார்கள். கூச்சல் போட்டுக்கொண்டு பனைக்குத் திரும்பும். அவற்றுக்கு உடையவர் யாரும் இல்லை. ராஜாவின் யானைக்குக் கிடைக்காத பாக்கியம் அது.